யாரையும் கைவிடாதவர்

சுலக்கன் சிங் மாட்டின் மடியில் கை வைத்தாலே போதும், காய்ச்சலா, கன்று போடப் போகிறதா, வெறும் முரண்டா என்று சொல்லிவிடுவார். மனுஷர் விஷயத்தில் அந்தக் கைராசி இல்லை. அதுவும் மச்சினன் குர்நேக் விஷயத்தில் இல்லவே இல்லை.

இத்தாலியில் கிரெமோனாவுக்குத் தெற்கே, போ என்கிற ஆற்றின் கரைக்குக் கொஞ்சம் உள்ளே தள்ளி, எத்தோரே மலின்வெர்னியின் பண்ணையில் அவர் இருபத்திரண்டு வருஷமாகத் தலைமைக் கறவைக்காரர். நானூறு மாடு. விடியுமுன் ஒரு கறவை, மதியம் இரண்டு மணிக்கு ஒரு கறவை. கறந்த பால் சூடு ஆறுமுன் சீஸ் கூடத்துக்குப் போய்ச் சேர வேண்டும். மாட்டுக்குக் கிறிஸ்துமஸும் தெரியாது, வைசாகியும் தெரியாது. இந்த வேலைக்கு உள்ளூர்ப் பிள்ளைகள் வருவதை நிறுத்தி ரொம்ப காலம் ஆயிற்று. சுற்றுவட்டாரத்தில் எந்தக் கொட்டிலுக்குள் எட்டிப் பார்த்தாலும் ஒரு தலைப்பாகை தெரியும்.

பள்ளிக்கூடத்து இத்தாலிய மொழி சுலக்கனுக்கு வராது. கொட்டிலில் கிழவர்களோடு கிழவராக நின்று கற்ற வட்டாரக் கொச்சை மட்டும் தண்ணீர் பட்ட பாடு. அவர் அதைப் பேசினால் பேரூராட்சித் தலைவரே சிரித்துவிடுவார். அதனால்தான் குருத்வாரா கமிட்டி அவரைச் செயலாளராக வைத்திருந்தது. குடியிருந்தது பண்ணை வீட்டில். வேலை உள்ளவரை வீடு. மனைவி பல்வீந்தர் அதன் பின்புறம் வெந்தயக் கீரையும் கடுகும் போட்டு, அதைத் தன் சொந்த நிலம் போலவே பார்த்துக்கொண்டாள்.

குர்நேக் அவளுடைய ஒரே தம்பி. அவனை வரவழைத்தது சுலக்கன்தான். வருஷத்துக்கு ஒரு நாள், காலை ஒன்பது அடித்ததும், வெளிநாட்டு ஆள் வேண்டும் என்கிற முதலாளிமார் கம்ப்யூட்டரில் விண்ணப்பம் அனுப்ப வேண்டும். முந்தினவருக்கு இடம். சில நிமிஷத்தில் எல்லாம் முடிந்துவிடும். அந்த நாளை எல்லோரும் க்ளிக் நாள் என்பார்கள். எத்தோரேயிடம் கேட்டு, அவர் பெயரில் விண்ணப்பம் தயாரித்து, ஒன்பது மணிக்குப் பொத்தானை அழுத்தியதும் சுலக்கனே. இடம் கிடைத்தது. விசா வந்தது. குர்நேக் மிலானில் வந்து இறங்கியபோது விண்ணப்பம் போட்டுப் பதினோரு மாதம் ஆகியிருந்தது.

இறங்கிய எட்டு நாளுக்குள் முதலாளியும் தொழிலாளியும் ஒன்றாக மாவட்டக் குடியேற்ற அலுவலகத்துக்குப் போய் ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட வேண்டும். போட்டால்தான் நாட்டில் தங்குவதற்கான அட்டை. அட்டை இல்லாவிட்டால் விசா வெறும் காகிதம்.

ஐந்தாம் நாள் சுலக்கன் குர்நேக்கைக் கூட்டிக்கொண்டு எத்தோரேயைப் பார்க்கப் போனார். அவர் புதுக் கொட்டிலில், அப்போதுதான் வந்திறங்கிய இரண்டு கறவை ரோபோக்களுக்கு முன்னால் நின்றுகொண்டிருந்தார்.

"இப்ப எனக்கு ஆள் வேண்டாம், சுலி" என்றார். "அன்னைக்குத் தேவைப்பட்டுச்சு. இன்னைக்கு மெஷின் வந்துடுச்சு. நான் என்ன பண்ணட்டும்?"

"வேலை கூட வேண்டாம் முதலாளி. வந்து ஒரு கையெழுத்து."

"கையெழுத்துப் போட்டா வேலை குடுக்கணும். சட்டம் அப்படி. நான் சட்டத்துக்குப் பயந்தவன்."

"அவனை நம்ம பேர்ல தானே வரவழைச்சோம்?"

"நீதான் வரவழைச்சே. நான் சரின்னேன்."

குர்நேக் இருவர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தான். "என்ன சொல்றாரு, ஜீஜா?" அக்காள் புருஷனை அவன் அப்படித்தான் கூப்பிடுவான்.

"யோசிச்சுச் சொல்றேங்கிறாரு."

ஒன்பதாம் நாள் வந்தது. அதற்கப்புறம் குர்நேக் அட்டையில்லாத ஆள்.

ஒரு வருஷம் அவன் சுலக்கனின் வீட்டுப் பின்னறையில் படுத்துக்கொண்டு, முலாம்பழம் பறித்தான், பூசணி ஏற்றினான், யாரோ ஒருவருடைய பன்றிக் கொட்டில் கழுவினான். போலீஸ் வண்டி தெரிந்தால் சைக்கிளை வாய்க்காலில் இறக்கிவிட்டு உட்கார்ந்திருப்பான். ஒரு தடவைகூட சுலக்கனைக் குறை சொல்லவில்லை. குறை சொல்லியிருந்தால் சுலக்கனுக்குச் சாப்பாடு இறங்கியிருக்கும்.

தொழிற்சங்க அலுவலகத்தில் லொரெதானா என்று ஒரு பெண். குர்நேக்கின் காகிதங்களைப் புரட்டிவிட்டு அவள்தான் வழி சொன்னாள். முதலாளிதான் பின்வாங்கினார், தொழிலாளி மேல் தப்பில்லை என்று நிரூபித்தால், வேறு வேலை தேடிக்கொள்ள ஓர் அனுமதி கேட்கலாம். நிரூபிக்க ஒரு சாட்சி வேண்டும்.

"அவர் மாட்டேன்னு சொன்னதை யாராவது காதால கேட்டாங்களா?"

"நான் கேட்டேன்" என்றார் சுலக்கன்.

"அலுவலகத்துல வந்து சொல்வீங்களா? அவர் உங்க முதலாளி. வீடும் அவருது."

சுலக்கன் தாடியைத் தடவினார். "சொல்வேன்." குரல் அவருக்கே கேட்கவில்லை.

அக்டோபரில் ஒரு செவ்வாய்க்கிழமைக்கு நேரம் கிடைத்தது. மூன்று வாரம் இருந்தது. அதற்குள் எத்தோரேயிடம் இன்னொரு முறை பேசிப் பார்க்கலாம் என்று தினமும் நினைத்தார். தினமும் மாடு கறந்துவிட்டு வீட்டுக்கு வந்தார்.

"வீடு போனா வேற வீடு பாத்துக்கலாம்ங்க" என்றாள் பல்வீந்தர். "இவன் போனா எங்க அப்பா மூஞ்சியில நான் எப்படி முழிப்பேன்?"

"சொல்றேன்னு சொல்லிட்டேனே."

"மாட்டுக்கிட்ட சொன்னீங்களா, மனுஷன்கிட்டயா?"

இதற்கு நடுவில்தான் தூதரகத்திலிருந்து கமிட்டித் தலைவர் பியாரா சிங்குக்குப் போன் வந்தது. ஐரோப்பாவும் இந்தியாவும் வியாபாரம் பேசிக்கொண்டிருந்த சமயம். டெல்லியிலிருந்து அதிகாரிகளும் பஞ்சாபின் பால் சங்கங்களிலிருந்து ஆட்களும் கிரெமோனா பக்கம் வருகிறார்கள். அவர்களுக்கு இங்கத்துக் கறவை எந்திரமும் காளை வித்தும் வேண்டும். இங்கே உள்ளவர்களுக்கு எந்திரம் விற்கவும் வேண்டும், கறக்க ஆளும் வேண்டும். சனிக்கிழமை காலை ஒரு நல்ல பண்ணையைப் பார்த்துவிட்டு மதியம் குருத்வாராவில் சாப்பாடு. பண்ணை, மலின்வெர்னியுடையது. ரோபோவும் பஞ்சாபியும் ஒரே கூரைக்குக் கீழே இருப்பது அங்கேதான்.

கமிட்டி கூடியது. பியாரா சிங்குக்குக் கால் தரையில் நிற்கவில்லை. சமையல் கூடத்தைப் பெரிதாக்கும் விண்ணப்பம் பேரூராட்சியில் இரண்டு வருஷமாகத் தூங்கிக்கொண்டிருந்தது.

"பேரூராட்சித் தலைவர் வர்றாரு, மாகாணத்து ஆளுங்க வர்றாங்க, தூதரகத்து மேடம் வர்றாங்க" என்று விரலை மடக்கினார். "கடுகுக் கீரைச் சாக் வைப்போம், மக்காச்சோள ரொட்டி வைப்போம். ஒருத்தன் வயிறும் காலியாப் போகக் கூடாது. எல்லாருக்கும் சிரோபா. பட்டியலை எழுது, சுலக்கன் பாஜி. நீதான் போட்டுவிடப் போறே." அண்ணே என்பதைத்தான் அவர்கள் பாஜி என்பார்கள்.

சிரோபா என்பது குருவின் முன்னால், அதாவது குருவாக வைத்துக் கும்பிடும் கிரந்தத்தின் முன்னால், ஒருவர் கழுத்தில் போடுகிற காவித் துணி. வீட்டுக்குக் கொண்டுபோய்த் தலைமாட்டில் வைத்துக்கொள்வார்கள். சுலக்கன் எழுதிக்கொண்டே வந்தவர், ஒரு பேரில் நிறுத்தினார்.

"மலின்வெர்னிக்கும் வேணுமா?"

"என்ன கேள்வி இது? உன் முதலாளி! அவர் பண்ணையைத்தானே பாக்க வர்றாங்க?"

"இல்ல, ஒரு ஆள் குறைஞ்சா..."

"பந்தியில உக்காந்த பத்துப் பேர்ல ஒருத்தன் கழுத்தை மட்டும் வெறுங்கழுத்தா விடுவியா? எதிரி வந்தாலும் நம்ம வழக்கம் அது இல்லையே, பாஜி."

சுலக்கன் அப்போது சொல்லியிருக்கலாம். குர்நேக்கை அங்கே உட்கார்ந்திருந்த ஏழு பேருக்கும் தெரியும். காரணத்தைச் சொன்னால் ஏழு பேரில் நாலு பேராவது ஒத்துக்கொண்டிருப்பார்கள். ஆனால் சொன்னால் சமையல் கூடம் தன்னால் நின்றது என்று ஆகிவிடும் என்று பயந்தார். வெறும் துணிதானே, மரியாதைதானே என்று மனசைத் தேற்றிக்கொண்டு பேரை எழுதினார்.

தூதரகத்திலிருந்து அவர் பேச வேண்டியதையும் எழுதி அனுப்பியிருந்தார்கள். ஆறு வரி. இத்தாலிய மொழிதான், அவர் படிப்பதற்காகக் குர்முகி எழுத்தில். இரண்டு நாடுகளின் நட்பு, உழைப்பு, பால், நன்றி. ஒரு வரியிலும் பொய் இல்லை.

சனிக்கிழமை எல்லாம் நன்றாகத்தான் நடந்தது. விருந்தினர்கள் செருப்பைக் கழற்றி, தலையில் துணி கட்டி, குருவின் முன்னால் தரைவிரிப்பில் உட்கார்ந்தார்கள். எத்தோரேவுக்கு முழங்கால் மடங்கவில்லை, தூணில் சாய்ந்துகொண்டார். ஆரஞ்சுத் துணிக்குக் கீழே அவர் முகம் என்னவோ போல், வயசாகித் தெரிந்தது. சுலக்கன் வரிசையாகச் சிரோபா போட்டுக்கொண்டு வந்தார். எத்தோரே கழுத்தில் போட்டபோது அவர் சுலக்கனின் கையைப் பிடித்துக்கொண்டார். கண் கலங்கியிருந்தது. படம் எடுத்தார்கள்.

பிறகு மைக்கைக் கொடுத்தார்கள். முதல் இரண்டு வரி படித்தார். படித்த இத்தாலிய மொழி நெஞ்சில் முள் போலக் குத்தியது. ஒரு சொல்லில் தடுக்கினார். கூட்டம் அசைந்தது. சட்டென்று காகிதத்தை மடித்துச் சட்டைப்பையில் வைத்துவிட்டு, கொச்சையில் பேச ஆரம்பித்தார். முதல் மாடு உதைத்த கதையைச் சொன்னார். பேரூராட்சித் தலைவர் தொடையில் தட்டிச் சிரித்தார். அதிகாரிகள் மொழிபெயர்ப்பைக் கேட்டுவிட்டு ஒரு வினாடி தாமதமாகச் சிரித்தார்கள். தான் சொல்லி இத்தனை பெரிய மனிதர்கள் சிரிப்பது சுலக்கனுக்கு இதுவே முதல் தடவை. எத்தோரே இன்னமும் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார். சுலக்கன் அவரைப் பார்த்துக் கையை நீட்டினார்.

"இவர் கூப்பிட்டு வந்தவங்க யாரையும் இவர் கைவிட்டதே இல்லை" என்றார்.

எல்லோரும் கைதட்டினார்கள். தட்டுகிற சத்தம் ஓயும்போதுதான், ரொட்டி சுடுகிறவர்கள் பேச்சைக் கேட்க வாசலில் வந்து நின்றிருப்பதைப் பார்த்தார். நடுவில், கையெல்லாம் மாவோடு, குர்நேக். ஒரு வருஷம் பூசணிக் காட்டில் கிடந்தவனுக்கு அந்தக் கொச்சை போதுமான அளவு தெரியும்.

பந்தியில் ரொட்டி பரிமாறியதும் அவன்தான். எத்தோரே ஒரு கையை நீட்டினார். குர்நேக் ரொட்டியைக் கொடுக்காமல் நின்று, தன் இரண்டு கையையும் சேர்த்து ஏந்திக் காட்டினான். அங்கே ரொட்டியை இரண்டு கையாலும் வாங்க வேண்டும். எத்தோரே புரிந்துகொண்டு, சிரித்து, இரண்டு கையையும் ஏந்தினார். அவனை அடையாளம் தெரியவில்லை.

மதியக் கறவை முடிந்து சுலக்கன் வீட்டுக்கு வந்தபோது குர்நேக் வாசற்படியில் உட்கார்ந்து ஷூவைத் துடைத்துக்கொண்டிருந்தான்.

"நல்லா பேசினே, ஜீஜா" என்றான். "எனக்கே நம்பிக்கை வந்துடுச்சு. நாளைக்கே போய் ஒரு வேலை கேக்கலாமான்னு பாக்குறேன்."

"நேக்கா, அது சும்மா... வாய் தவறி..."

"விடு. பெரியவங்க வந்த இடம். நீ வேற என்ன சொல்லுவே?"

உள்ளே பல்வீந்தர் பாத்திரத்தை வைத்த சத்தம் பண்ணை முழுக்கக் கேட்டிருக்கும்.

செவ்வாய்க்கிழமை சுலக்கன் போனார். அதை மட்டும் அவர் தவறவில்லை. நல்ல சட்டை போட்டு, நீலத் தலைப்பாகை கட்டி, லொரெதானாவுக்கும் குர்நேக்குக்கும் நடுவில் உட்கார்ந்து, ரோபோக்களுக்கு முன்னால் நடந்ததை வார்த்தை பிசகாமல் சொன்னார். அதிகாரி ஒரு கண்ணாடிக்காரப் பெண்மணி, பொறுமையாக எழுதிக்கொண்டாள். முடித்ததும் கோப்பிலிருந்து இரண்டு காகிதங்களை எடுத்தாள். ஒன்று எத்தோரேயின் பதில்: அந்த ஆள் வரவேயில்லை, வந்திருந்தால் கையெழுத்துப் போட்டிருப்பேன். இன்னொன்று திங்கட்கிழமைப் பத்திரிகையில் வந்த பக்கம். எத்தோரேயின் கழுத்தில் காவித் துணி. பக்கத்தில் சுலக்கன். மேலே, கொட்டை எழுத்தில், அவர் சொன்ன வரி.

"இது நீங்கதானே?"

"நான்தான்."

"நீங்க சொன்னதுதானே?"

"ஆமா."

"ரெண்டுல எதை நான் எழுதிக்கட்டும்?"

"இன்னைக்குச் சொல்றதை எழுதுங்கம்மா. இதுதான் உண்மை."

"அப்ப சனிக்கிழமை?"

சுலக்கன் நெற்றியைத் துடைத்தார். "அது மரியாதை. விருந்தாளிக்குச் செய்யுறது. எங்க வழக்கம்."

"எனக்குப் புரியுது" என்றாள் அவள். கிண்டலாகச் சொல்லவில்லை. "ஆனா உங்க கோயில்ல, உங்க சாமி முன்னால, யாரும் கேக்காம நீங்களா சொன்னது அது. இங்க சொல்றது மச்சினனுக்காகச் சொல்றது. நான் எதை நம்பணும்?"

குர்நேக் மேஜையைப் பார்த்துக்கொண்டிருந்தான். லொரெதானா ஏதேதோ சட்டம் பேசினாள். சுலக்கனின் காதில் எதுவும் விழவில்லை. அந்தக் காகிதத்தில் இருந்த ஆறு வரியைப் படித்திருந்தால் போதும் என்று திரும்பத் திரும்ப நினைத்துக்கொண்டிருந்தார்.

அன்று மதியக் கறவையின்போது எத்தோரே கறவைக் கூடத்துக்கு வந்தார். சுலக்கன் மடியைத் துடைத்துக்கொண்டே, வீட்டைக் காலி பண்ணச் சொல்வார் என்று காத்திருந்தார்.

"போய்ச் சொன்னியாமே?"

"சொன்னேன், முதலாளி. நடந்ததைச் சொன்னேன்."

எத்தோரே மாட்டின் முதுகில் கையை வைத்தார். "பயந்துபோய்த்தான் அப்படி எழுதிக் குடுத்தேன். வக்கீல் அப்படிச் சொல்லச் சொன்னார்." பிறகு, "உன்னை என்ன பண்ணப் போறேன் சுலி? உன்னை மாதிரி ஒரு ஆள் எனக்குக் கிடைக்குமா? இரு. வீட்லயே இரு."

"நீங்க இப்பப் போய் மாத்தி எழுதிக் குடுக்கலாமே, முதலாளி."

"நீதான் நான் யாரையும் கைவிட்டதில்லைன்னு சொன்னியே" என்றார் எத்தோரே, "எல்லார் முன்னாலயும். நான் இப்பப் போய் மாத்திச் சொன்னா நம்ம ரெண்டு பேருமே பொய்யனாயிட மாட்டோமா?" சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

சுலக்கனுக்கு அன்றுதான் விளங்கியது. போய்விடும் என்று ஒரு வருஷமாக எதைப் பொத்திப் பொத்திப் பாதுகாத்தாரோ, அது போகவே போகாது. எட்டு நாளுக்குள் அலுவலகத்துக்குப் போய்ச் சொல்லியிருந்தாலும் எத்தோரே இதே மாதிரி வந்து, இதே மாதிரி நின்று, இரு என்று சொல்லியிருப்பார். கறக்க வேறு ஆள் இல்லை. சுலக்கன் பயந்ததெல்லாம் ஒன்றுமில்லாததற்கு. அந்த ஒன்றுமில்லாததற்காகத்தான் குர்நேக் வாய்க்காலில் உட்கார்ந்திருந்தான்.

நவம்பரில் மறுப்புக் கடிதம் வந்தது. ஒரு வாரத்தில் குர்நேக் போர்ச்சுகல் பஸ் ஏறினான். தெற்கே பெர்ரி பறிக்கிற இடத்தில் ஆள் எடுக்கிறார்களாம், அட்டைக்கும் ஏதோ வழி உண்டாம். பஸ் நிலையத்தில் சுலக்கன் அவன் பையைத் தூக்கப் போனார்.

"குடு ஜீஜா, இது கனம் இல்ல" என்று வாங்கிக்கொண்டான். "ஊர்ல அப்பாகிட்ட ஒண்ணும் சொல்லாதே. சீசன் வேலைக்குப் போயிருக்கேன்னு சொல்லு."

"எல்லாம் என்னால."

"ஆமா" என்றான் குர்நேக். அதுதான் முதல் தடவை. சொல்லிவிட்டு அவரைக் கட்டிப்பிடித்துக்கொண்டான்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை பகலில் மாமனார் கர்னைல் சிங் பஞ்சாபிலிருந்து வீடியோவில் கூப்பிட்டார். அவருக்குப் பின்னால் டிராக்டர் நின்றது. யாரோ கரும்பு தின்றுகொண்டிருந்தார்கள். பல்வீந்தர் போனை எடுத்து, சுலக்கன் கையில் கொடுத்துவிட்டு அங்கேயே நின்றாள்.

"மாப்பிள்ளை! உங்க பேச்சு இங்க எல்லார் போன்லயும் ஓடுது, கீழே பஞ்சாபி எழுத்தோட. இப்பத்தான் என் போனுக்கும் வந்துச்சு. நம்ம ஊர்க்காரர் அந்தப் பெரிய மனுஷங்களுக்கு நடுவுல! ஊரே பாத்துச்சு."

"பாபூஜி..."

"அது இருக்கட்டும். சீசன் வேலைக்குன்னு கிளம்பிட்டானாமே, இந்தக் கழுதைப்பயலை என்ன சொல்றது? அப்படிப்பட்ட முதலாளி, யாரையும் கைவிடாத மனுஷன், அவர்கிட்டயே நிலைக்கத் தெரியலேன்னா இவன் எங்க நிலைப்பான்? வேலைக்கு வணங்காத உடம்பு. உங்க மானத்தையும் சேத்து வாங்கிட்டான். நான் மன்னிப்புக் கேக்குறேன், மாப்பிள்ளை."

சுலக்கன் நிமிர்ந்தார். பல்வீந்தர் கண் எடுக்காமல் அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"பாபூஜி, அவன் வேலைக்கு வணங்காதவன் இல்ல. முதலாளி கையெழுத்துப் போட வரல. நான் பக்கத்துல நின்னு கேட்டேன். மாட்டேன்னாரு. ஒரு வருஷம் நான் வாயைத் திறக்கல. அப்புறம் குருவோட முன்னால நின்னு அவர் யாரையும் கைவிட்டதில்லைன்னு பொய் சொன்னேன். அந்தப் பொய்யைக் காட்டித்தான் நேக்காவோட மனுவைத் தள்ளிட்டாங்க. தப்பு அவனோடது இல்ல. என்னோடது."

கரும்பு கடிக்கிற சத்தம் நின்றது.

"எதுக்கு மாப்பிள்ளை அப்படிச் சொன்னீங்க?" என்று கிழவர் கேட்டார். கோபமாகக் கேட்டிருந்தால் சுலக்கன் ஏதாவது சாக்குச் சொல்லியிருப்பார்.

"கை தட்டுனாங்க, பாபூஜி."

கிழவர் தலைப்பாகையைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார். அதைத் தடவிக்கொண்டே சொன்னார்.

"உங்க பேச்சைப் பாத்துட்டு நம்ம தெருவுல மூணு பேர் பாஸ்போர்ட்டுக்கு எழுதிப் போட்டிருக்கானுங்க. உங்க முதலாளிகிட்டயே வரணுமாம். ஒருத்தன் எருமையை வித்துட்டான். அவங்ககிட்ட இதை யாரு சொல்றது?"

"நான் சொல்றேன்."

"எப்ப?"

முன்பெல்லாம் இந்த இடத்தில் சுலக்கன் ஒரு நாள் குறிப்பார்.

"இப்பவே. அவங்களைக் கூப்பிடுங்க. நான் போனை வெக்கல."

கிழவர் திரும்பி யாரையோ பேர் சொல்லிக் கூவினார். திரையில் டிராக்டரும் விளக்கு வெளிச்சமும் மட்டும் ஆடின. மணி ஒன்றே முக்கால். கொட்டிலில் மாடுகள் கத்த ஆரம்பித்துவிட்டன. பல்வீந்தர் ஒரு நாற்காலியை இழுத்து அவருக்குப் பின்னால் போட்டாள். சுலக்கன் உட்காரவில்லை. போனை முகத்துக்கு நேரே பிடித்தபடி, வந்துகொண்டிருந்த காலடிச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு நின்றார்.